ஆறு வெற்றி, எட்டு நாற்காலி

“பன்னிரண்டு மேட்ச்ல ஆறு ஜெயிச்சா போதுமாம் தம்பி. அந்தப் பன்னிரண்டுல நாலு மேட்ச் யாரோட ஆடறதுன்னு இவங்களே முடிவு பண்ணிக்குவாங்களாம். இது எப்படிச் சரியாகும்?”

கேட்டவர் எங்கள் தெருவில் குடியிருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார். பேத்தி அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தன் கல்லூரி அணி ‘பவுல்’ ஆட்டத்துக்குப் போகுமா போகாதா என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நவம்பர் முழுக்கப் புலம்பித் தீர்த்திருக்கிறாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் டீக்கடை. அவர் கேள்விக்கான பதிலில் பாதி அந்த நூலகத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதி அமெரிக்காவில். தொலைவில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். முதல் நிலையில் மட்டும் 130க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள் உண்டு. எல்லாரும் எல்லாரோடும் மோதுவது நடக்காத காரியம். ஆகவே கல்லூரிகள் சில சேர்ந்து ‘கான்ஃபரன்ஸ்’ என்று ஒரு குழுவாக இருக்கும். 2006 முதல் ஓர் அணிக்கு ஒரு சீசனில் வழக்கமாக 12 ஆட்டம். அதில் எட்டு அல்லது ஒன்பது குழுவுக்குள்ளேயே நடக்கும். யார் யாரோடு என்பதைக் குழு சொல்லிவிடும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களுக்கு எதிராளியைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போடுவது அந்தந்தக் கல்லூரியின் வேலை. பேத்தி சொன்ன நாலு மேட்ச் அதுதான். பன்னிரண்டில் ஆறு ஜெயித்து, வெற்றியும் தோல்வியும் சரிசமமாக நின்றாலே, டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றுக்கு அந்த அணி தகுதி பெற்றுவிடும்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கா இவ்வளவு அமளி என்று தோன்றும். பவுல் கிடைத்தால் அணிக்கு இன்னும் சில வாரம் சேர்ந்து பயிற்சி செய்ய அனுமதி உண்டு. டிவியில் வரும். அடுத்த ஆண்டு சேர்க்க நினைக்கும் பள்ளிப் பையன்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பல பயிற்சியாளர்களின் சம்பள ஒப்பந்தத்திலேயே இதற்கு போனஸ் எழுதியிருக்கும். ஐந்தில் நின்றுவிட்டால் நவம்பர் கடைசியோடு கடை கட்ட வேண்டியதுதான்.

சார் வங்கிக்காரர். எண்ணைச் சொன்னால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். குழுவுக்குள் எட்டு ஆட்டம் என்றால் வெளியே நான்கு. அந்த நான்கையும் தங்களைவிடத் தெளிவாகப் பலம் குறைந்தவர்களோடு வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டால், குழுவுக்குள் எட்டில் இரண்டே போதும், ஆறு வந்துவிடும். அதாவது தனக்குச் சமமானவர்களிடம் ஆறு முறை தோற்ற அணி பவுலுக்குப் போகும். குழுவுக்குள் ஒன்பது என்றால் வெளியே மூன்றுதான். மூன்றையும் ஜெயித்தாலும் ஒன்பதில் இன்னும் மூன்று வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குழுவுக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குழுவைச் சேர்ந்த ஓர் அணி தோற்றே ஆக வேண்டும். 16 அணிகள் உள்ள குழு எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறினால், கூடுதலாக எட்டு ஆட்டம், எட்டுத் தோல்வி, வீட்டுக்குள்ளேயே விழுகிறது. அந்த ஆட்டத்தை வெளியில் எளிய எதிராளியோடு வைத்திருந்தால் பதினாறு பேருமே ஜெயித்திருக்கலாம். 16 அணிகள் உள்ள தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ் பல ஆண்டுகள் எட்டிலேயே நின்றுவிட்டு, 2026 சீசனிலிருந்துதான் ஒன்பதுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கு தெரியாமல் அந்தத் தயக்கம் புரியாது.

விதி இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டிருக்கிறது. ஒரு படி கீழே இருக்கும் பிரிவின் கல்லூரியை ஜெயித்தால், அப்படிப்பட்ட வெற்றிகளில் ஆண்டுக்கு ஒன்றுதான் அந்த ஆறில் சேரும். சின்னக் கல்லூரிகளும் மனமுவந்துதான் வருகின்றன. பெரிய மைதானத்துக்கு வந்து ஆடிக்கொடுத்துவிட்டுப் போக அவர்களுக்கு லட்சக்கணக்கில் டாலர் தருவார்கள். அந்தப் பணத்தில் அவர்களுடைய விளையாட்டுத் துறை மூச்சு விடும். அப்படித்தான் 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகம் நான்கு லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் அணியை வரவழைத்தது. மிச்சிகன் அப்போது தேசியத் தரவரிசையில் ஐந்தாவது. ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்த மைதானத்தில் 34-32 என்று வந்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

“காசும் குடுத்து, மேட்ச்சையும் குடுத்தாங்களா!” என்று சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. “பலமில்லாதவனாப் பார்த்து மேட்ச் போட்டுக்கிறதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்களா?”

பவுல் தகுதியில் குறைக்க மாட்டார்கள். யாரை ஜெயித்தாலும் ஒரு வெற்றி ஒரு வெற்றிதான். 2024 முதல் பன்னிரண்டு அணிகள் ஆடும் சாம்பியன்ஷிப் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வுக் குழு உட்கார்ந்து எதிராளிகளின் தரத்தையும் பார்க்கும். ஆறு வெற்றிக் கோட்டுக்கு அந்தப் பார்வை கிடையாது. எதிராளியின் பலத்தையும் பெருக்கிக் கணக்குப் போடும் ஓர் ஆட்டம் இருக்கிறது, அதில் நம் ஊருக்கே ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லி நூலகம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.

2024 நவம்பர் 5 முதல் 11 வரை சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் செஸ் போட்டி அந்த நூலகக் கட்டடத்தில்தான் நடந்தது. லெவான் அரோனியன், மாக்சிம் வாஷியே-லாக்ராவ், அர்ஜுன் எரிகைசி எல்லாரும் ஒரு வாரம் கோட்டூர்புரத்துக்கு வந்து ஆடினார்கள். அந்தப் போட்டி பிறந்தது அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில். அது எதற்காகப் பிறந்தது என்பதில்தான் சாரின் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

உலக செஸ் சாம்பியனோடு மோதும் உரிமை யாருக்கு என்பதை முடிவு செய்வது கேண்டிடேட்ஸ் போட்டி. அதில் எட்டே நாற்காலி. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸுக்கு அந்த நாற்காலிகள் பல வழிகளில் நிரம்பின. முந்தைய உலகச் சாம்பியன்ஷிப்பில் தோற்றவருக்கு ஒன்று. உலகக் கோப்பையிலிருந்து மூன்று; அதில் ஒன்று நம் பிரக்ஞானந்தாவுடையது. கிராண்ட் ஸ்விஸ் போட்டியிலிருந்து இரண்டு. மிச்சம் இரண்டு. ஒன்று 2023 ஆண்டு முழுக்க ஆடிச் சேர்த்த, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ‘சர்க்யூட்’ புள்ளிகளில் முந்தி நிற்பவருக்கு. இன்னொன்று, ஆட்ட பலத்தை எண்ணால் அளக்கும் ரேட்டிங்கின் 2024 ஜனவரிப் பட்டியலில், வேறு வழியில் தகுதி பெறாதவர்களில் மேலே இருப்பவருக்கு. முதல் ஆறு நாற்காலிக்கும் போட்டியை ஃபிடேயே நடத்தும். யாரோடு ஆடுவது என்று வீரர் தேர்ந்தெடுக்க முடியாது. கடைசி இரண்டில்தான் எங்கே ஆடுவது, யாரோடு ஆடுவது, எப்போது ஆடாமல் இருப்பது என்ற முடிவெல்லாம் வீரர் கைக்கு வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் அந்த நாலு மேட்ச் மாதிரி.

சர்க்யூட் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதில் ஓர் அழகு இருக்கிறது. ஒரு போட்டியில் ஆடும் முதல் எட்டு பேரின் சராசரி ரேட்டிங்கை எடுத்துக்கொள்வார்கள். அது 2500-ஐ எவ்வளவு தாண்டுகிறது என்று பார்த்து, அதை நூறால் வகுத்து, நீங்கள் பிடித்த இடத்துக்கான புள்ளியோடு பெருக்குவார்கள். சராசரி 2550 உள்ள போட்டியில் முதலிடம் பிடித்தால் பெருக்கும் எண் அரை. சராசரி 2700 உள்ள போட்டியில் பிடித்தால் இரண்டு. ஒரே முதலிடம், நான்கு மடங்கு வித்தியாசம். அந்த ஆண்டு ஒருவரின் சிறந்த ஐந்து போட்டிகள்தான் கணக்கு. ஆக, எளிய போட்டியாகப் பார்த்துப் பத்து ஜெயித்தாலும் பலன் இருக்காது. நாற்காலி வேண்டும் என்றால் பலமானவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் நிலைமை இப்படி இருந்தது. சர்க்யூட்டில் எல்லாருக்கும் மேலே ஃபபியானோ கருவானா. ஆனால் அவர் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்து ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டார். எனவே அந்த நாற்காலி அவருக்கு அடுத்தவருக்குப் போகும். அடுத்த இடத்துக்கு நெதர்லாந்தின் அனிஷ் கிரிக்கும் நம் குகேஷுக்கும் இடையே நூலிழை வித்தியாசத்தில் போட்டி. ஆண்டு முடிய மூன்றரை வாரம். மிச்சமிருந்த வாய்ப்புகள் குறைவு.

அப்போதுதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சென்னையில் ஒரு போட்டியை அறிவித்தது. மிக்ஜாம் புயல் நகரைப் புரட்டிப் போட்டது டிசம்பர் 4 வாக்கில். எத்தனையோ தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பர் 15 அன்று எம்ஆர்சி நகரில் லீலா பேலஸ் ஹோட்டலில் முதல் சுற்று ஆரம்பமானது. எட்டு பேர், ஏழு சுற்று, பரிசுத் தொகை 50 லட்சம் ரூபாய். குகேஷ், அர்ஜுன், ஹரிகிருஷ்ணா, அரோனியன், ஈரானின் பர்ஹாம் மக்சூத்லூ, உக்ரைனின் பாவெல் எல்யானோவ், சனன் சுகிரோவ், அலெக்சாண்டர் பிரெட்கே. சராசரி ரேட்டிங் ஏறக்குறைய 2700. இந்திய வீரருக்குச் சர்க்யூட் புள்ளி கிடைக்க ஒரு வாய்ப்பு உருவாக்கத்தான் இது என்பது உலகம் அறிந்த விஷயம். குகேஷும் அர்ஜுனும் தலா நாலரைப் புள்ளி எடுத்தார்கள். டைபிரேக் கணக்கில் குகேஷ் முதலிடம். கிரிக்கு மிச்சமிருந்த கடைசி வாய்ப்பு, சமர்கந்தில் ஆண்டின் கடைசி வாரம் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டிகள். அங்கே தேவையான இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. நாற்காலி குகேஷுக்கு வந்தது. டொரண்டோவில் அவர் பதினான்கில் ஒன்பது எடுத்து முதலிடம் பிடித்தது பிறகு எல்லாருக்கும் தெரிந்த கதை.

“அப்ப நம்ம ஆளுங்களும் அதே வேலைதானே பண்ணியிருக்காங்க?” என்றார் சார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பேத்தியிடம் என்ன சொல்வது என்று உண்மையாகவே யோசிக்கிறார்.

அதே டிசம்பரில் பிரான்சில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும் என்றேன்.

ரேட்டிங் நாற்காலிக்கு அப்போது முன்னால் இருந்தவர் அமெரிக்காவின் வெஸ்லி சோ. பிரான்சுக்காக ஆடும் அலிரெசா ஃபிரோஜா சில புள்ளிகள் பின்தங்கி இருந்தார். அவருக்காக சார்ட்ர நகரத்தின் செஸ் கிளப் அவசர அவசரமாகச் சில தனி மேட்ச்சுகளை ஏற்பாடு செய்தது. எதிரே உட்கார்ந்த கிராண்ட் மாஸ்டர்கள் ரேட்டிங்கில் அவரைவிட மிகவும் கீழே இருந்தவர்கள். ரேட்டிங் கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். மேல்மட்ட வீரர் தன்னைவிட 200 புள்ளி குறைந்தவரை ஜெயித்தால் 2.4 புள்ளி ஏறும். 300 குறைந்தவர் என்றால் ஒன்றரை. 400 குறைந்தவர் என்றால் 0.8. அந்த 400 குறைந்தவரோடு ஒரே ஒரு டிரா ஆனால் 4.2 இறங்கும். அதாவது ஐந்து வெற்றியில் சேர்த்ததை ஒரு டிரா தின்றுவிடும். ரேட்டிங் ஏற்பாடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் விதம் இது. ஃபிரோஜாவுக்கும் ஒரு டிரா விழுந்தது, கணக்கு பிசகியது. அதற்குள் ஃபிடேயும் இந்த மேட்ச்சுகளை ரேட்டிங்கில் சேர்ப்பது பற்றி ஆட்சேபம் எழுப்பி, கடைசியில் சேர்க்கவில்லை.

அதன்பிறகு அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆண்டின் கடைசி வாரம் ரூவான் நகரில் ஓர் ஓப்பன் டோர்னமென்ட். அவருக்காக வைத்தது கிடையாது. எல்லாரும் பெயர் கொடுத்து ஆடும் போட்டி. அதில் கடைசி நேரத்தில் சேர்ந்து ஏழுக்கு ஏழு ஜெயித்தார். ஏழில் ஒன்று டிரா ஆகியிருந்தாலும் சிக்கல். அந்த வெற்றிகளை ஃபிடே ஏற்றது, ஜனவரிப் பட்டியலில் அவர் வெஸ்லி சோவைத் தாண்டினார். டொரண்டோவில் ஏழாம் இடம்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இந்த மாதிரி வேலைக்குப் பழைய சரித்திரமும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த கிளாட் பிளட்குட் என்ற ஆயுள் கைதி, சக கைதிகளோடு ஆயிரக்கணக்கில் ரேட்டிங் ஆட்டங்கள் ஆடி ஆடி, 1996-இல் அமெரிக்கத் தேசிய ரேட்டிங் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கே போய்விட்டார். ரேட்டிங் 2702. வெளியாட்களோடு ஆட வழியே இல்லாத ஒரு மூடிய வட்டத்துக்குள் புள்ளிகள் ஒரே பக்கம் ஓடிச் சேர்ந்த கதை அது. எதிராளிகள் யார் என்பதைக் கட்டுப்படுத்த முடிந்தால் எண்ணைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சீனா செய்ததையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் செர்கேய் கர்யாகினுக்கு ஃபிடே தடை விதித்தது. அந்த ஆண்டு கேண்டிடேட்ஸில் அவர் நாற்காலி காலியானது. ரேட்டிங்கில் அடுத்த தகுதியான ஆள் டிங் லிரன். ஆனால் குறித்த காலத்துக்குள் 30 ரேட்டிங் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. பெருந்தொற்றால் பயணம் முடங்கிய டிங், நாலே ஆட்டம்தான் ஆடியிருந்தார். சீன செஸ் சங்கம் அடுத்தடுத்து போட்டிகளை வைத்தது. ஒரே மாதத்தில் 28 ஆட்டம். டிங் தகுதி பெற்றார், மாட்ரிட்டில் இரண்டாம் இடம் வந்தார், அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைக் காத்துக்கொள்ள விருப்பமில்லை என்று விலகியதால் அந்த இரண்டாம் இடமே போதுமானதாகி, 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் உலகச் சாம்பியன் ஆனார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஒரு பக்கம் டிங், மறுபக்கம் குகேஷ். இருவருமே அந்த மேஜைக்கு வந்த பாதையில், நேரம் நெருங்கிய பிறகு சொந்த நாட்டில் வைத்த ஒரு போட்டி இருக்கிறது. குகேஷ் 7.5-6.5 என்று ஜெயித்துப் பதினெட்டு வயதில் சாம்பியன் ஆனார். அந்த வெற்றி யாருடைய அட்டவணையாலும் கிடைத்ததில்லை, பதினான்கு ஆட்டங்கள் ஆடிக் கிடைத்தது. ஆனால் அந்த மேஜைக்கு வந்து சேர அட்டவணையும் வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

சார் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப சென்னை சரி, சார்ட்ர தப்புன்னு எப்படிப் பிரிக்கறீங்க?” என்றார்.

நான் பிரிப்பது இப்படித்தான். சென்னையில் குகேஷ் தோற்றிருக்க முடியும். அரோனியனும் மக்சூத்லூவும் அவருக்கு விட்டுக்கொடுக்க வரவில்லை. அர்ஜுனுக்கு அதே கோப்பை வேண்டும். டைபிரேக் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறு. ஆணையம் கொடுத்தது ஒரு வாய்ப்பை. புள்ளியை ஆடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சார்ட்ரயில் எதிராளிகளைத் தேர்ந்தெடுத்ததிலேயே முடிவில் பெரும்பகுதி அடங்கியிருந்தது. போட்டி கடைசி நேரத்தில் வைக்கப்பட்டதா என்பதைவிட, அதில் ஆபத்து இருந்ததா என்பதுதான் எனக்கு அளவுகோல். அமெரிக்கக் கல்லூரிகளையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். நாலில் ஒன்றையாவது தோற்கக்கூடிய இடத்தில் வைக்கும் கல்லூரியின் ஆறு வெற்றிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் கிரியின் பக்கத்தையும் யோசிக்காமல் இருக்க முடியாது. அவருக்காக எந்த அரசும் டிசம்பரில் போட்டி வைக்கவில்லை. இது அநியாயம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கிரியின் அந்த ஆண்டுப் புள்ளிகளில் கனமானது எங்கிருந்து வந்தது? 2023 ஜனவரியில் விக் ஆன் ஸீயில் அவர் ஜெயித்த டாட்டா ஸ்டீல் போட்டி. அது அவர் சொந்த நாட்டில், 1938-இல் ஓர் இரும்பாலை ஊழியர்களின் போட்டியாகத் தொடங்கி வளர்ந்து, ஒவ்வொரு ஜனவரியும் காலண்டரில் நிற்கும் போட்டி. அவரும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் புள்ளி எடுத்தார். வித்தியாசம், அந்தப் போட்டி அவருக்குத் தேவைப்படும் முன்பே, அவர் பிறக்கும் முன்பே அங்கே இருந்தது. அதனால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆன காலத்தில் நம் வீரர்களுக்கு அப்படி ஒரு காலண்டர் கிடையாது. பலமான எதிராளி வேண்டும் என்றால் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். பணம் இருந்தால் போகலாம். பல பிள்ளைகள் போகவில்லை.

கிராண்ட் மாஸ்டர் பட்டமே கூட இப்படித்தான். குறைந்தது ஒன்பது ஆட்டம், எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட் மாஸ்டர்கள், பல நாட்டவர்கள், 2600 அளவுக்கு ஆட்டம். இதெல்லாம் கூடிவந்தால்தான் ஒரு ‘நார்ம்’. அப்படி மூன்று வேண்டும், கூடவே 2500 ரேட்டிங். எவ்வளவு நன்றாக ஆடினாலும், சரியான ஆட்கள் எதிரே உட்காராத போட்டியில் நார்ம் கிடையாது. தமிழ்நாட்டுப் பெற்றோர் நகையை அடகு வைத்து ஸ்பெயினுக்கும் செர்பியாவுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அங்கே போவது செஸ் கற்றுக்கொள்ள என்பதைவிட, தகுதிக்குக் கணக்காகும் எதிராளிகளைத் தேடி.

ஆகவே சென்னை 2023-இல் செய்ததைவிட, 2024-இலும் விடாமல் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோட்டூர்புரத்தில் நடந்த அந்த இரண்டாவது போட்டியில் யாருக்காகவும் அவசரம் இல்லை. மாஸ்டர்ஸ் பிரிவில் எட்டு பேர். அதற்குக் கீழே ‘சேலஞ்சர்ஸ்’ என்று புதிதாக இன்னொரு எட்டு பேர். சேலஞ்சர்ஸை ஜெயிப்பவருக்கு அடுத்த ஆண்டு மாஸ்டர்ஸில் இடம். மேல் பிரிவில் அர்ஜுன், அரோனியன், மதுரைப் பக்கத்துத் திருநகர்ப் பையன் அரவிந்த் சிதம்பரம் மூவரும் நாலரையில் சேர்ந்து நின்றார்கள். பிளிட்ஸ் டைபிரேக்கில் அரவிந்த் அரோனியனை வீழ்த்திக் கோப்பையை எடுத்தார். அவர் 2018, 2019 இரண்டு ஆண்டும் தேசியச் சாம்பியன். ஆனாலும் உலக அளவில் பெரிய ரவுண்ட் ராபின் அழைப்புகள் அவருக்கு அவ்வளவாக வந்ததில்லை. கோட்டூர்புரத்துக்குப் பிறகு வந்தன. 2025 மார்ச்சில் பிராக் மாஸ்டர்ஸை அவர்தான் ஜெயித்தார். சேலஞ்சர்ஸை ஜெயித்த சென்னைப் பையன் வி. பிரணவ் சில மாதங்களில் மான்டினீக்ரோவில் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார்.

“பலமான ஆளுங்களோட ஆட ஒரு சான்ஸ் கிடைச்சா போதும்னு சொல்றீங்க,” என்றார் சார்.

போதாது, ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது என்றேன்.

ஃபிடேயும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வருகிறது. 2026 கேண்டிடேட்ஸுக்கான ரேட்டிங் நாற்காலிக்கு ஒரு மாதப் பட்டியல் போதாது. ஆறு மாதச் சராசரி. கூடவே குறைந்தது 40 ஆட்டம். அந்த 40-ஐ நிரப்பத்தான் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான ஹிகாரு நாகமுரா 2025-இல் லூசியானா, அயோவா மாதிரி மாநிலங்களின் உள்ளூர் போட்டிகளில் போய், தன்னைவிட எவ்வளவோ கீழே இருப்பவர்களோடு ஆடினார். விதிக்குள் நின்றுதான் ஆடினார். ஓப்பன் போட்டிகள், யாரும் வரலாம். எதிரே உட்கார்ந்த உள்ளூர்க்காரருக்கு அது வாழ்நாள் ஆட்டம். இருந்தாலும் பலருக்கு நெருடியது. ரேட்டிங் வித்தியாசம் 400-ஐ எவ்வளவு தாண்டினாலும் 400 என்றே எடுத்துக்கொள்ளும் பழைய விதியால், ஆயிரம் புள்ளி குறைந்தவரை ஜெயித்தாலும் 0.8 கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் முதல், 2650-க்கு மேல் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது. இனி உண்மையான வித்தியாசம்தான் கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு சின்னக் கல்லூரி வெற்றி என்று வைத்திருக்கும் அதே கடிவாளம், இங்கே இன்னும் இறுக்கமாக.

அந்த 2026 கேண்டிடேட்ஸின் சர்க்யூட் நாற்காலி பிரக்ஞானந்தாவுக்கு. அவர் 2025-இல் விக் ஆன் ஸீயிலும் ருமேனியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் முதலிடம் பிடித்துச் சேர்த்த புள்ளி அது. கிரியும் இந்த முறை உள்ளே வந்துவிட்டார், சமர்கந்தில் 2025 கிராண்ட் ஸ்விஸை ஜெயித்து.

சென்னைப் போட்டியின் மூன்றாவது ஆண்டு 2025 ஆகஸ்டில் நடந்தது. பத்து பேர், ஒன்பது சுற்று, ஜெர்மனியின் வின்சென்ட் கெய்மர் முதலிடம். நம் மண்ணில் வெளியாள் ஜெயித்தது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, போட்டி உண்மையானது என்பதற்கு அது சாட்சி. சேலஞ்சர்ஸை ஜெயித்தது காரைக்குடிப் பக்கத்து எம். பிரணேஷ். ஒரே ஒரு குறை சொல்வேன். முதல் போட்டி டிசம்பர், இரண்டாவது நவம்பர், மூன்றாவது ஆகஸ்ட். விக் ஆன் ஸீ என்றால் ஜனவரி என்று உலகில் ஒவ்வொரு வீரருக்கும் தெரியும். ஓராண்டுக்கு முன்பே தன் பயணத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வார். சென்னைக்கும் ஒரு மாதத்தை நிலையாக ஒதுக்கி, ஆண்டு பிறக்கும் முன்பே தேதியையும் சேலஞ்சர்ஸுக்கு எந்த அடிப்படையில் ஆள் எடுப்பார்கள் என்பதையும் ஆணையம் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இருக்கும் ஒரு பதினாறு வயசுப் பிள்ளையின் அப்பா, அந்த ஆண்டு எந்தப் போட்டிக்குப் பணம் கட்டுவது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.